வெள்ளை நாகம்மாவுக்கு மஞ்சள் நீராட்டு

எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதத்தில் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கொண்டக்டர் சிங்களவர், வியாபாரம் தெரிந்தவர். "சுது நயா, சுது நயா, நகிண்ட, நகிண்ட" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கூவினார். வெள்ளைப் பாம்பு பார்க்கப் போகிறவர்கள் ஏறுங்கள் என்று அர்த்தம். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பலகையைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பாம்பு இருக்கிற ஊருக்குப் போகிறது, அது போதாதா?

பாம்பு இருந்தது ஊசிமலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கில். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மலை ஏறவேண்டும். தேங்காய், பழம், கற்பூரம், பால்மா டின் எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு ஜனம் ஏறியது. டிக்கோயாவிலிருந்து முழங்கால் வலிக்காரர்கள் வந்தார்கள். மலை ஏறியதில் வலி இரண்டு மடங்காகி, அதையும் சேர்த்து அம்மாவிடம் ஒப்படைத்தார்கள்.

எங்கள் ஜனங்களுக்குப் பாம்பு புதிதல்ல. கொழுந்து பறிக்கிற பெண்கள் புதருக்குள் பாம்பைக் கண்டால் கம்பை எடுத்து ஒரு போடு போட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதெல்லாம் கறுப்பும் பச்சையுமான ஏழைப் பாம்புகள். இது வெள்ளை. தலையிலிருந்து வால்வரை, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. வெள்ளையாக எது வந்து நின்றாலும் சலாம் போட்டுப் பழகிய முதுகுகள் இந்த மலையில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள், முதுகுகள் மட்டும் அப்படியே இருந்தன. பாம்புக்கும் வளைந்தன.

பாம்பைக் கொண்டுவந்தவர் வெண்ணாகச் சுவாமிகள். காவி வேட்டி, கம்பளிக் கோட்டு, கழுத்து நிறைய உருத்திராட்சம். கூடவே மூக்கன் என்று ஒரு சிஷ்யன். எந்த ஊர் என்று கேட்டால் சுவாமிகள் வானத்தைக் காட்டுவார். மூக்கன் அவரைப் பார்த்துவிட்டு அவனும் காட்டுவான். தோட்டத்துத் தலைவர் பொன்னையா, தொழிற்சங்கத்துக்கும் கோயிலுக்கும் சேர்த்துத் தலைவர், பழைய மாட்டுப்பட்டியைக் கூட்டிச் சாணி மெழுகிக் கொடுத்தார். அதற்குள் ஒரு திரை கட்டி, திரைக்குப் பின்னால் பெட்டி வைத்து, பெட்டிக்குள் அம்மாவை வைத்தார்கள். தினமும் காலையில் திரையை மூடி வெகுநேரம் அலங்காரம் நடக்கும். அப்போது ஒருவரும் கிட்டே போகக்கூடாது. அதன்பிறகு திரை விலகும், ஜனம் விழும்.

அம்மாவின் பிறப்பு வரலாற்றைச் சுவாமிகளே சொல்வார்.

"அம்மாவோட அப்பா இந்தியாவில தவம் பண்ணின ராஜநாகம். கடல்ல நீந்தி இலங்கைக்கு வந்தாரு. இங்க காட்டுல ஒரு மலைப்பாம்பு அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டும் கூடினதுல பிறந்தது இந்த அம்மா. நாகத்தோட சக்தி, மலைப்பாம்போட உடம்பு. ரெண்டு ரத்தம் கலந்ததால நிறமே இல்லாமப் போச்சு."

இந்தக் கதை எங்கள் ஜனங்களுக்கு உடனே பிடித்துப்போனது. பிடிக்காமல் என்ன செய்யும்? அப்பன் இந்தியா, ஆத்தா இலங்கை, பிள்ளை எந்த நாடு என்று எந்த அரசாங்கக் கந்தோரிலும் பதில் கிடையாது. எங்களைப் போலவே நாடற்ற பாம்பு. அம்மா பாஸ்போர்ட் விஷயங்களைச் சீக்கிரம் முடித்துத் தருகிறாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பி, வரிசை இன்னும் நீண்டது.

அம்மா அசையமாட்டாள். பெட்டிக்குள் சுருண்டு கிடப்பாள். தவம் என்றார் சுவாமிகள். சூடான கீழ்நாட்டுக் காட்டில் வெயில் காய்ந்து கிடந்த பாம்பைப் பிடித்துப் பொகவந்தலாவைக் குளிரில் கொண்டுவந்து வைத்தால் அது தவம்தான் செய்யும், வேறு என்ன செய்யும். தை மாதத்து விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்கிற எங்கள் ஆட்களும் அப்படித்தான் நிற்பார்கள். அவர்களை ஒருவரும் கும்பிட்டதில்லை.

பால்மா டின்கள் சேர்ந்துகொண்டே போயின. தோட்டத்துப் பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியில் வளர்கிற காலம் அது. திரைக்குப் பின்னால் மூக்கனின் கன்னம் மட்டும் நாளுக்கு நாள் உப்பி வந்தது.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தேங்காய் போனால் போகிறது. ஆனால் சுவாமிகளுக்கு ஒரு குழந்தை வேண்டியிருந்தது.

மேக்கணக்கு நடு லயத்தில் அழகுமுத்து என்பவனுக்கும் பூரணிக்கும் அந்த மாசியில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. மீனம்மா என்று பேர் வைத்தார்கள். அப்பன் கறுப்பு, ஆத்தா அதைவிட ஒரு பங்கு கறுப்பு. குழந்தை மட்டும் பாலைப்போல் வெள்ளை. தலைமுடி வெளுத்த நார். கண்மணி லேசான சாம்பல், வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சிவப்பு ஓடும். வெயிலைக் கண்டால் கண்ணை இறுக்கிக்கொண்டு அழும். லயத்தில் பேச்சுக் கிளம்பியது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் பல வருஷம் ஆயிற்று, இப்போது தோட்டத்தை நடத்துகிற துரை அழகுமுத்துவைவிடக் கறுப்பு. அது தெரிந்தும் பேசினார்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் பூரணி வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். வேலைக்குப் போகும்போது பிள்ளைக்காம்பிராவில் குழந்தையை விட்டால் ஆயா தூக்கமாட்டாள்.

மாமியார் வீரம்மா முதல் நாள் குழந்தையைப் பார்த்துவிட்டுக் கீழே காறித் துப்பினாள். வீரம்மா வேறு யாரோ அல்ல, பூரணியின் சொந்த அத்தை. அண்ணன் மகளைத்தான் மகனுக்குக் கட்டி வைத்திருந்தாள். "எங்க வம்சத்துல இப்படி ஒன்னு கிடையாது" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

அந்த வீரம்மாதான் குழந்தையைத் துணியில் சுற்றி நாகம்மாவிடம் கொண்டுபோனாள். அழகுமுத்துவும் கூடப் போனான். பூரணி பின்னாலேயே ஓடினாள். சுவாமிகள் துணியை விலக்கிப் பார்த்தார். வெள்ளைப் பாம்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் குழந்தையும் கிடந்தால் ஹட்டன் பஸ் போதாது, கொழும்பிலிருந்து ரயிலே விடுவார்கள் என்று அவர் மனசு கணக்குப் போட்டிருக்கும்.

"மலையில கொழுந்து எடுக்கிறப்ப இந்தப் பொண்ணு ஒரு பாம்பை அடிச்சிருக்கா" என்றார்.

"எல்லாரும் அடிக்கிறதுதானுங்க சாமி" என்றாள் பூரணி.

"நீ அடிச்சது அம்மாவோட உடன்பிறப்பு. வயித்துல இருந்த பிள்ளையோட நிறத்தை அம்மா எடுத்துக்கிட்டா. இது இனி உங்க பிள்ளை இல்ல, அம்மாவோட பிள்ளை. அம்மாகிட்ட விட்ருங்க. வச்சிருந்தீங்கன்னா அப்பன்காரன் தங்கமாட்டான்."

வீரம்மா மகனைப் பார்த்தாள். இருக்கிறது ஒரே மகன். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பதாக அங்கேயே சத்தியம் பண்ணிவிட்டாள். அழகுமுத்து வாயைத் திறக்கவில்லை. பூரணி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வீடுவரை அழுதுகொண்டே வந்தாள்.

தோட்டத்து மருத்துவிச்சி சுகிர்தம். ஜனங்களுக்கு மிசியம்மா. மேக்கணக்கில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் அவர் கையில் விழுந்தவை. கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், நாக்கு மட்டும் எந்த வேதத்துக்கும் அடங்காது. மாதா சுரூபத்தில் கண்ணீர் வடிகிறது என்று ஒருவர் சொல்லப்போக, கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்றுங்கள் என்று பங்குச் சாமியாரிடமே சொன்னவர். மீனம்மாவும் அவர் கையில் பிறந்தவள்தான். புதன்கிழமை குழந்தையை எடை நிறுத்துப் பார்க்க வந்தவரிடம் பூரணி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"பாம்பை அடிச்சேனுங்க மிசி. நான் இல்லேன்னு சொல்லல. அதுக்குப் பிள்ளையைக் குடுத்துறணுமா?"

சுகிர்தம் அழகுமுத்துவைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார். அவன் வேலை நாற்றுமேடையில்.

"முன்னெல்லாம் தேயிலை விதை போட்டுத்தானே நாத்து எடுத்தீங்க. எல்லா நாத்தும் ஒரே பச்சையா வந்துச்சா?"

"இல்லீங்க. எங்கயாச்சும் ஒன்னு ரெண்டு வெளுத்து வரும். இலை, தண்டு எல்லாம் வெள்ளையா."

"அதோட தாய்ச்செடி என்ன பாவம் பண்ணிச்சு? யாரை அடிச்சுச்சு?"

அழகுமுத்து தலையைச் சொறிந்தான்.

"தாய்ச்செடியும் பச்சை, மகரந்தம் குடுத்த செடியும் பச்சை. ஆனா ரெண்டுக்குள்ளயும் அந்த வெளுப்பு ஒளிஞ்சு கிடந்திருக்கு. ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வந்தா வெளியில தெரியாது. ரெண்டு பக்கமும் வந்து சேந்தா அந்த விதை வெள்ளையா முளைக்கும். உங்க பிள்ளையும் அப்படித்தான். அந்த வெள்ளை நாத்தை என்ன பண்ணுவீங்க?"

"புடுங்கி எறிஞ்சிருவோம் மிசி."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டது. பூரணி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்றைக்கே சுகிர்தம் மாட்டுப்பட்டிக்குப் போனார். அவருடைய தம்பி கஸ்பர் கொழும்புப் பக்கம் மிருகக்காட்சிச்சாலையில் பாம்புக் கூண்டு பார்க்கிறவர். லீவில் வந்தால் பாம்பைத் தவிர வேறு பேச்சு இல்லை. பர்மா மலைப்பாம்பும் நம் நாட்டு மலைப்பாம்பும் ஜோடி சேர்ந்தால் முட்டை பொரிக்கும், இரண்டும் நெருங்கின சொந்தம் என்பார். நாகமும் மலைப்பாம்பும் சேர்ந்து குட்டி போட்டதென்றால் ஆடும் கோழியும் சேர்ந்து பெற்ற பிள்ளையைக் காட்டு, அதையும் நம்புகிறேன் என்பார். வெள்ளையாய்ப் பிறக்கிற மலைப்பாம்பு உண்டா என்றால், உண்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் போட்டோ காட்டியிருக்கிறார். ஆனால் அதன் முதுகில் மஞ்சள் படை அழியாமல் இருக்கும், கண் சிவப்பாக இருக்கும்.

சுகிர்தம் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து அம்மாவின் கண்ணைப் பார்த்தார். நல்ல பழுப்பு. நடுவில் கறுப்புக் கோடு. சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் குனிந்தார். பெட்டிக்குள் விரித்த சாக்கில் வெள்ளைத் தூள் உதிர்ந்து கிடந்தது. மூக்கைச் சுருக்கினார். வெற்றிலைக்கடை வாசனை.

"வேதக்காரங்களுக்கு அம்மா தரிசனம் தரமாட்டா" என்றார் சுவாமிகள்.

"பரவாயில்லீங்க சாமி. அம்மா கண்ணை மட்டும் பாத்தேன். உடம்பெல்லாம் நிறம் போச்சு, கண்ணுல மட்டும் எப்படிங்க தங்குச்சு?"

"அது ஞானக்கண்."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டுச் சுகிர்தம் நகர்ந்தார். அங்கேயே சத்தம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் வேதக்காரி நம்ம சாமியை நிந்திக்கிறாள் என்று கூட்டம் அவரை மலையிலிருந்து உருட்டிவிட்டிருக்கும். ஆகவே நேரே வீரம்மாவிடம் போனார்.

"பேத்தியை வெறுங்கையோடயா கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்க? மாரியம்மன் திருவிழாவுல மஞ்சத்தண்ணி ஊத்தாம முடிப்பீங்களா? இவ்வளவு பெரிய அம்மாவுக்கு ஒரு குடம் மஞ்சத்தண்ணி கிடையாதா?"

வீரம்மா மலைத்துப்போனாள். இத்தனை நாளாக இது தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. அதுவும் ஒரு வேதக்காரி சொல்லித் தெரியவேண்டியிருக்கிறது.

"காலையில குளிரா இருக்கும்" என்றார் சுகிர்தம். "நல்லா வெதுவெதுப்பா வச்சு ஊத்துங்க."

வெள்ளிக்கிழமை காலை. தப்பு மேளம் முழங்கியது. வீரம்மா ஈரச்சேலையோடு மஞ்சள் குடத்தைத் தலையில் வைத்து முன்னே வந்தாள். வீரம்மா ஊற்றுகிறாள் என்றதும் நாங்கள் மட்டும் இளப்பமா என்று லயத்துப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு குடம் காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டார்கள். பனிக்குள் குடங்கள் எல்லாம் ஆவி விட்டன. கடைசியில் பூரணி, மார்பில் குழந்தையோடு. அழகுமுத்து அவளுக்குப் பக்கத்தில் நடந்தான், தலையைத் தூக்கவில்லை.

குடங்களைக் கண்டதும் சுவாமிகளின் முகம் மாறியது.

"அம்மாவுக்கு நீராட்டு ஆகாது. தவம் கலைஞ்சிரும்."

"மாரியாத்தாளுக்கே ஆகுதுங்க சாமி" என்றார் தலைவர் பொன்னையா. "இவங்களுக்கு ஏன் ஆகாது?"

"இன்னைக்கு நாள் சரியில்ல."

"வெள்ளிக்கிழமைங்களே சாமி."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பக்தியைக் காசாக்குகிறவனுக்கு இது ஒரு கஷ்டம். பக்தி கூடிப்போனால் தடுக்க வாய் இருக்காது. சுவாமிகள் இன்னொரு காரணம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வீரம்மா கண்ணை மூடி, அம்மா தாயே என்று குடத்தைச் சாய்த்துவிட்டாள்.

மஞ்சள் தண்ணீர் அம்மாவின் முதுகில் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் சிவந்தது. பளீரென்ற இரத்தச் சிவப்பு. பெட்டியிலிருந்து சிவப்பாகவே வழிந்து சாணித்தரையில் ஓடியது.

தப்பு நின்றது. ஜனம் அப்படியே தரையில் விழுந்தது. "அம்மா ரத்தம் சிந்துறா" என்று ஒருவர் அலற, பின்னால் நின்று ஒன்றையும் பார்க்காதவர்கள் இன்னும் பலமாக அலறினார்கள். நாலைந்து பேருக்குச் சாமி வந்துவிட்டது.

சுவாமிகளைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அவருக்கும் ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு நிமிஷம்தான். கையைத் தூக்கினார்.

"பாத்தீங்களா. சொன்னேன் இல்ல. பிள்ளையைக் குடுக்க மனசில்லாமக் கொண்டுவந்து நிக்கிறா. அம்மா ரத்தம் கக்குறா. குடுத்துருங்க. இப்பவே குடுத்துருங்க."

வீரம்மா குடத்தைப் போட்டுவிட்டு வெறிபிடித்தவள்போல ஓடிவந்து குழந்தையைப் பிடித்து இழுத்தாள். பூரணி விடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மீனம்மா வீரிட்டு அழுதாள். கூட்டத்திலிருந்தும் கைகள் நீண்டன. சுகிர்தம் ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னே வரப் பார்த்தார், முடியவில்லை. கத்தினார், கேட்கவில்லை. போட்ட திட்டம் இப்படித் திரும்பும் என்று அவர் நினைக்கவில்லை.

பூரணி கீழே ஓடுகிற சிவப்பைப் பார்த்தாள். பிள்ளைபெற்ற பெண்ணுக்கு இரத்தத்தின் நிறம் தெரியாதா? இது அது இல்லை. இந்தச் சிவப்பை அவள் வேறு எங்கோ பார்த்திருக்கிறாள். தாம்பாளத்தில் பார்த்திருக்கிறாள். குழந்தையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் மாமியாரின் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை வெடுக்கென்று பிடுங்கினாள். சுண்ணாம்பு டப்பாவைப் பல்லால் திறந்தாள். விரலை விட்டு ஒரு தோண்டு தோண்டி, பக்கத்தில் நின்றவளின் மஞ்சள் குடத்துக்குள் கையை விட்டுக் கலக்கினாள். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி மாமியார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சிவப்பு. அதே சிவப்பு.

"அத்தை, என் கல்யாணத்துக்கு நீங்கதான் ஆலாத்தி கரைச்சீங்க. கண்ணைத் தொறந்து பாத்துச் சொல்லுங்க. இது ரத்தமா, ஆலாத்தியா?"

அந்தக் கூட்டத்தில் ஆலாத்தி கரைக்காத பெண் ஒருத்தி கிடையாது. கல்யாணத்துக்கு, சடங்குக்கு, பிள்ளைபெற்று வீடு வருகிறவளுக்கு, மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்து சிவப்பாக்கிச் சுற்றிக் கொட்டிய கைகள்தான் அத்தனையும். கண்ணெதிரே அதே சிவப்பு ஓடியபோது ஒருத்திக்கும் கை நினைவுக்கு வரவில்லை. எதிரே இருந்தது சாமி. சாமி முன்னால் நின்றால் தெரிந்ததும் மறந்துபோகும், அதைத்தான் நாம் பயபக்தி என்கிறோம்.

வீரம்மா குழந்தையை விட்டாள். பூரணியின் கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்தவளின் குடத்தை வாங்கி அம்மாவின் மேல் ஊற்றினாள். தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சிவப்புப் போயிற்று, வெள்ளையும் போயிற்று. அடியில் இருந்து பழுப்புப் படை ஒன்று வந்தது. இன்னொரு குடம். இன்னொரு படை. கீழ்நாட்டுக் காட்டில் சாதாரணமாகக் கிடக்கிற மலைப்பாம்பு.

"சாமி, இது என்ன?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

சுவாமிகள் பதில் சொல்வதற்குள் அம்மாவே பதில் சொன்னாள். பொகவந்தலாவைக்கு வந்த நாளிலிருந்து விறைத்துக் கிடந்த உடம்பில் குடம் குடமாக வெந்நீர் விழுந்ததில் அவளுக்கு உயிர் வந்துவிட்டது. பசியும் வந்திருக்கும். தலையைத் தூக்கினாள், நாக்கை நீட்டினாள், பெட்டியைவிட்டு வழுக்கி இறங்கிச் சுவாமிகளின் பக்கமாக நகர்ந்தாள்.

"கந்தப்பண்ணே, முழிச்சிருச்சு" என்று கத்திக்கொண்டு சிஷ்யன் மூக்கன் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடினான்.

வெண்ணாகச் சுவாமிகளாக இருந்து அந்த நொடியில் கந்தப்பண்ணனாகிவிட்டவர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்தார். தேயிலைக்குள் நிரை தெரியாமல் ஓடினால் எங்கே போய் முடியும் என்று தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். தண்ணீர் வடிகிற கானுக்குள் போய் முடிந்தது. கழுத்தளவு சேற்றிலிருந்து நாலு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள்.

கிழிந்த திரைக்குப் பின்னால் ஒரு வாளிச் சுண்ணாம்பு இருந்தது, அதில் கஞ்சி கலந்திருந்தது. பூசுவதற்குத் தும்புக் கட்டு ஒன்று இருந்தது. தினசரி அலங்காரம் அதில்தான். பக்கத்தில் காலி பால்மா டின்கள் சுவர்போல அடுக்கியிருந்தன. அதைப் பார்த்ததும் பிள்ளைக்காரிகள் சிலர் விளக்குமாற்றை எடுத்தார்கள்.

"அடிக்காதீங்க" என்றார் சுகிர்தம், ஒருவழியாக முன்னே வந்து. "அவர் அசிங்கப்படுத்தின பாம்பை அவரே கழுவட்டும்."

கந்தப்பன் கழுவினார். அம்மாவின் ஒவ்வொரு செதிளையும் தேய்த்துக் கழுவினார். தலைவர் பொன்னையா பாம்பின் கழுத்தைக் கவைக்கம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், எனக்கு முதலிலேயே சந்தேகம்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தார். கழுவி முடிந்தபிறகு கந்தப்பனையும் மூக்கனையும் பொலிசில் ஒப்படைத்தார்கள். கஸ்பர் வந்து பாம்பைச் சாக்கில் கட்டிக் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோய் வெயிலுள்ள காட்டில் விட்டார். அந்த முழுக் கூத்திலும் ஒரு தப்பும் செய்யாத ஜீவன் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் வீரம்மா லயத்து வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பார்க்க வந்த சுகிர்தத்தை நிறுத்தினாள்.

"மிசி, சாபம் இல்லேன்னா இந்த வெளுப்பு யாரு வழியா வந்துச்சு?"

"ரெண்டு பக்கமும் சேந்தாத்தான் வெளியில வரும்மா. அழகுமுத்துக்கு வந்தது உங்க வழியா. பூரணிக்கு வந்தது உங்க அண்ணன் வழியா."

வீரம்மா முழங்காலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பிறகு, தன் அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாளாம், வெள்ளச்சி என்பார்களாம், பகலில் வெளியே விடவேமாட்டார்களாம், எப்போது செத்தாள் என்றுகூட வீட்டில் பேசமாட்டார்களாம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பூரணி குழந்தையைக் கொண்டுவந்து மாமியார் மடியில் வைத்தாள். அப்போதுதான் முதல்தடவையாக வீரம்மா பேத்தியின் தலையைத் தடவினாள். அழகுமுத்து கதவோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் வாயைத் திறந்திருக்க வேண்டிய நாள் போய்விட்டது. அது அவனுக்கும் தெரியும்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் எங்கள் ஜனங்களை உங்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நடு லயத்து வாசலில் சத்தம் கேட்டுப் பூரணி வெளியே வந்தாள். முற்றத்தில் ஏழெட்டுப் பேர் தேங்காயும் கற்பூரமுமாக நின்றார்கள். முன்னால் நின்றவர் டிக்கோயாவிலிருந்து வந்த முழங்கால் வலிக்காரர்.

"பாம்பு பொய்யாப் போச்சும்மா" என்றார் அவர். "அதுக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தாங்க. உன் பிள்ளைக்கு ஒன்னும் பூசலையே, பிறவியிலயே வெள்ளை. இதுதான் நிஜமான வெள்ளையம்மா. கொஞ்சம் வெளியில தூக்கிட்டு வா, கும்பிட்டுப் போறோம்."

பூரணி அவரைப் பார்த்தாள். போன வாரம் பீலியில் குடத்தை நகர்த்திக்கொண்ட ஒருத்தியும் பின்னால் கையில் சூடத்தட்டோடு நிற்பதைப் பார்த்தாள்.

"வெளியில தூக்கிட்டு வர முடியாதுங்க. வெயில்ல பிள்ளைக்குக் கண்ணு கூசும், தோல் கன்னிப்போகும். ஓரம் வச்ச தொப்பி ஒன்னு போடணும்னு மிசி சொன்னாங்க. கற்பூரம் வேணாம். யாராச்சும் ஒரு தொப்பி கொண்டுவந்தா உபகாரமா இருக்கும்."

கும்பிட வந்த இடத்தில் தொப்பி கேட்டால் என்ன செய்வது? தேங்காயைத் திரும்பக் கூடைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். லிந்துலைப் பக்கம் ஒரு பலா மரத்தில் பிள்ளையார் முகம் தெரிகிறதாம், போகிற வழியில் அதைப் பேசிக்கொண்டு போனார்கள்.

தொப்பி அன்று மத்தியானம் வந்தது. வீரம்மா ஹட்டனுக்குப் போய் வாங்கி வந்தாள். கொஞ்சம் பெரிய தொப்பி, மீனம்மாவின் மூக்குவரை இறங்கியது.

அந்தத் தொப்பிக்குள் இருக்கிற தலை பெரிதாகிற காலத்திலாவது, ஒரு பிள்ளையைப் பார்த்தால் துப்பவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம், வெயில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டால் போதும் என்று நமக்கு உறைக்கட்டும். அதற்குள் கும்பிட்டே ஆகவேண்டும் என்று யாருக்காவது கை அரித்தால், முதலில் அந்தக் கையால் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.